சிலுப்பாத கிடா

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், பஸ் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் காட்டில் குடியிருந்தோம். எங்கள் பக்கத்தில் வீடுகள் ஒட்டிக்கொண்டு இருக்காது. அவரவர் காட்டுக்குள் அவரவர் வீடு. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டுமென்றால் வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொன்ன ஒரு பொய் அத்தனை நாள் வெளியே தெரியாமல் இருந்ததே இந்த வசதியால்தான்.

என் கணவர் லாரி டிரைவர். அந்த ஆவணியில் பாரத்தின் மேலேறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்துபோனது. சேலத்து ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் அசையக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடப்பாரா, மாட்டாரா என்று கேட்டதற்கு, கட்டைப் பிரித்த பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் விழுந்த சேதி வந்த அன்றைக்கே, 'இவர் காலூன்றி நடந்தால் கிடா வெட்டுகிறேன்' என்று எங்கள் குலசாமி கருப்பணாருக்கு வேண்டிக்கொண்டேன். என் அப்பா மேச்சேரிப் பக்கத்திலிருந்து செம்மறிக் கிடா ஒன்றைப் பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முளைக்குச்சியில் கட்டிவிட்டுப் போனார்.

கட்டிலில் அவர். ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். கறக்கிற எருமை ஒன்று. காட்டில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை. அந்த வருடம் எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது, கடலை வீடு வந்து சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். விடிவதற்குள் எழுந்து எருமையைக் கறந்து, அவருக்கு உடம்பைத் துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறாக்கி வைத்துவிட்டுக் காட்டுக்கு ஓடுவேன். இரண்டு கொத்துக் களை வெட்டுவதற்குள் உள்ளேயிருந்து அவர் கூப்பிடுவார். திரும்ப ஓடுவேன். ஓடும்போதே, "கருப்பணாரே, எனக்குத் தெம்பு குடு" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

உதவிக்கு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். கூப்பிடு தூரத்தில் இருந்தார், என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக்காரரும் லாரியில் வடக்கே போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவார். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பங்குக் கிணறு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். அதற்கு முந்தின கோடையில் அந்த முறையில்தான் சண்டை வந்தது. யார் வாய்க்காலை யார் அடைத்தது என்று ஆரம்பித்து, கடைசியில் அக்கா கேட்டது இதுதான்: "ஒத்தையா ஒரு வெள்ளாமைய ஊடு கொண்டாந்து சேர்ப்பியா நீ? வாய்தான் இருக்குது உனக்கு."

அந்த வார்த்தை எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. செத்தாலும் இவள் முன்னால் போய் நிற்பதில்லை என்று வைராக்கியம். அதனால் பால் ஊற்றப் போகும் இடத்தில், அரைக்கப் போகும் மில்லில், யார் கேட்டாலும், "இப்பப் பரவால்லீங்க, எந்திரிச்சு நடக்கறாருங்க" என்று சொல்லிவந்தேன். அவர் கட்டிலை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஆனால் என் வாயில் அவர் கிணற்றடிவரை போய் வந்துகொண்டிருந்தார்.

கடலை பிடுங்க ஒரு பதம் உண்டு. மண் காய்ந்து கிடந்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே நின்றுவிடும். அடைமழை பிடித்துவிட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். நடுவில் ஒரு வாரம் கிடைத்தால் பெரிது. அந்த ஐப்பசியில் ஒரு தூறல் போட்டு மண் பதமானது. காடெல்லாம் ஆட்கள். எங்கள் பக்கத்தில் அந்த வாரத்தில் கூலிக்கு ஆள் கிடைக்காது. இன்றைக்கு என் காட்டுக்கு நீ வந்தால், நாளைக்கு உன் காட்டுக்கு நான் வருவேன், அப்படித்தான் வேலை நடக்கும். நான் அவரை விட்டுவிட்டு யார் காட்டுக்கும் போகவில்லை. போகாதவள் எந்த முகத்தோடு கூப்பிடுவது? உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருப்பார்கள். நான்தான் அவரை நடக்க வைத்துவிட்டேனே. புருஷன் எழுந்துவிட்டான், இவளுக்கு நம் தயவு எதற்கு என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

ஒருத்தியாக இரண்டு நாள் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். காட்டில் ஒரு மூலை மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் மில்லில் வைத்துக் கேட்டுவிட்டார். "நடக்கறாருன்னு சொல்றீங்க அம்மிணி. பொறவு கிடாய எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கறீங்க? ஞாயித்துக்கெழம கோயில்ல மூணு ஊட்டுக் கிடா வெட்டு உழுகுது. உங்களதையும் புடிச்சாந்திருங்க." ஆமாங்க என்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன சொல்வது? வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதுவும் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாமிக்கு முதலிலேயே கொடுத்துவிட்டால், வாங்கிக்கொண்டதற்காகவாவது அவரை எழுப்பிவிடாதா? கருப்பணாருக்கே முன்பணம் கட்டப் பார்த்தேன் பாருங்கள், அவ்வளவு புத்தி எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவளை அப்பாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, சின்னவளை இடுப்பிலும் கிடாயைக் கையிலுமாகக் கோயிலுக்குப் போனேன். கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் கிடையாது. வேலமரத்தடியில் நட்ட கல்லும், வரிசையாக வேலும்தான். பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்காவும் வந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் வழக்கத்தில் கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் எத்தனை நேரமானாலும் யாரும் அரிவாளை எடுக்க மாட்டார்கள். முதல் மூன்று கிடாயும் தண்ணீர் பட்ட நிமிடத்தில் சிலுப்பிவிட்டன. நான்காவதாக என்னுடையது நின்றது.

பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா பேசாமல் நின்றது. மறுபடியும் தெளித்தார். அது கழுத்து மாலையை எட்டிப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது. காதுக்குள் தெளித்தார். காதை மட்டும் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு மீண்டும் மாலையைத் தின்றது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, பொங்கல் பானை ஆறிக்கொண்டிருந்தது, என் ஒருத்தியால் அத்தனை குடும்பமும் பசியோடு நின்றது.

"மனசுல எதாச்சும் குத்தங்கொற இருந்தா அல்லாரும் சொல்லீருங்க. பங்காளிக்குள்ள பேச்சு வார்த்த இல்லீனாலும் சாமி வாங்காது" என்றார் பூசாரி. அத்தனை கண்ணும் எங்கள் இரண்டு பேர் மேல் திரும்பின. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது அக்காதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு முன்னால் வந்து கும்பிட்டார். "கெணத்தடியில ஒரு வார்த்த சொல்லிப்போட்டன் சாமி. பொம்பளைய பொம்பளை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எம்பட தப்புத்தான்."

எல்லாரும் கிடாயைப் பார்த்தார்கள். அது சிலுப்பவில்லை.

இனி மிச்சம் நான் ஒருத்திதான். இடுப்பிலிருந்த சின்னவள் தூங்கி விழுந்து, தோள் கழன்றுவிடும்போல் கனத்தாள். உரிந்த கையில் கயிறு எரிந்தது. சாமி பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நேரத்தில் என்னால் அந்தப் பிள்ளையை இன்னும் ஒரு நிமிடம்கூடத் தூக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை, அதுதான் நிஜம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவரு நடக்கலீங்க சாமி" என்றேன். "நடக்கறாருன்னு நாந்தான் பொய் சொன்னேன். கட்டு இன்னும் பிரிக்கவே இல்ல. கடலை காட்டுலயே கெடக்குது. என்னால ஆகல. ஒருத்தியா என்னால ஆகவே ஆகல."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. இரண்டு மாதமாக அடக்கிவைத்த அழுகை. அத்தனை பேர் முன்னால், வாயில் முந்தானையைக்கூட வைத்துக்கொள்ளாமல் அழுதேன். யாரோ வந்து சின்னவளைத் தூக்கிக்கொண்டார்கள்.

இப்போது கிடா சிலுப்பியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அது சிலுப்பவில்லை. பூசாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதன் கழுத்தில் மிச்சமிருந்த மாலையைக் கழற்றினார். "நடக்காத காலுக்குச் சாமி எப்படீம்மா வாங்கும்? ஊட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க. அவரு நடந்தப்பொறவு அவரையே புடிச்சாரச் சொல்லுங்க" என்று திருநீறு கொடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

திரும்பி வரும்போது அக்கா என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது அந்தக் கிடா சட்டென்று நின்றது. தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் எங்கள் இருவர் சேலையிலும் தெறித்தது. நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அக்கா சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "செரி, உத்தரவு ஆயிருச்சு. நாளைக்கு உம்பட காட்டுல எறங்கீரலாம்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் அந்த மேட்டில் நின்று சிரித்தோம்.

மறுநாள் வெளிச்சம் வருவதற்குள் வரப்பில் ஆள் சத்தம் கேட்டது. அக்காவும், அவரோடு இன்னும் பதினொரு பெண்களும். கோயிலில் பார்த்த முகங்கள்தான் பாதி. ஒவ்வொருத்தியும் தன் காட்டு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருந்தாள். நீ எங்கள் காட்டுக்கு வந்தாயா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. "நடக்கற மனுசன எங்க காணோம்?" என்று கேலி மட்டும் செய்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் பிடுங்கிப் போட, வாசலில் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்தோம். என் கணவரின் கட்டிலை வாசல் நடைக்கு இழுத்துப் போட்டு, அவர் மடியிலும் ஒரு கட்டுச் செடியைப் போட்டார் அக்கா. அவரும் படுத்தபடியே ஆய்ந்தார். "நான் நடந்த சங்கதி எனக்கே தெரியாமப் போச்சே" என்று அவர் சொல்லச் சொல்ல வாசலே சிரித்தது. பச்சைக் கடலையும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கிழக்குக் கோடியில் கொஞ்சம் காட்டிலேயே நின்று முளைத்துப்போனது. மற்றதெல்லாம் வீடு வந்துவிட்டது.

கார்த்திகையில் கட்டைப் பிரித்தார்கள். தைக்குக் கோலூன்றி நின்றார். கால் கொஞ்சம் சாய்மானம்தான், கடைசிவரை அப்படித்தான் நடந்தார். அடுத்த வருடம் அவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். கடலைக்கொடி தின்று கொழுத்திருந்த அந்தக் கிடா, தண்ணீர் முதுகில் விழுந்ததும் சிலுப்பிவிட்டது. கூட்டத்தில் பெருமூச்சு விட்டது நானும் அக்காவும்தான். என் பெண் குழந்தைகள் இருவரும் அன்றைக்குக் கறியைத் தொடவில்லை. நானும் பேருக்குத்தான் சாப்பிட்டேன்.

இப்போது அவரும் இல்லை, அக்காவும் இல்லை. நான் சேலம் அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த நாற்பது வருடத்தில் தலைக்கு மேல் வெள்ளம் போன நாட்கள் எத்தனையோ வந்து போயின. அப்போதெல்லாம் எனக்கு அந்த வேலமரத்தடி நினைவுக்கு வரும். தெம்பு குடு, தெம்பு குடு என்று நான் கேட்டது என் இரண்டு கைக்கு. கருப்பணார் கொடுத்தது இருபத்துநான்கு கை. ஆனால் நான் பொய் சொல்லிக் கதவை அடைத்துக்கொண்டிருந்தவரை அந்தக் கைகள் உள்ளே வர வழியில்லாமல் வெளியே நின்றன. அதனால்தான் இன்றைக்கும் தாங்க முடியாத பாரம் வந்தால், யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று, "என்னால ஆகல சாமி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். இதுவரை ஒருமுறைகூடச் சாமி யாரையும் அனுப்பாமல் இருந்ததில்லை.