நாத்தனார் ரத்தம்

வில்லியனூர் துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வெண்ணிலாவுக்குக் குனியவே பிடிக்காமல் போயிற்று. குனிந்தால் வந்தவர்களின் கண் புடவையை விட்டுவிட்டு அவள் வகிட்டுக்குத் தாவியது. வகிடு அகன்றுகொண்டே போனது. அவள் கையும் சும்மா இராமல் அங்கேயே போய்ப் போய் வந்தது.

ரத்தம் எடுத்துத் தலையில் ஊசி போட்டால் முடி வளரும் என்று கடையில் யாரோ சொன்னார்கள். வீட்டில் அதைச் சொன்னதும் மூத்த நாத்தனார் அமுதம் முந்திக்கொண்டாள். அவளுக்கு இடுப்பு வரை கூந்தல். ஊரில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் கை நீட்டுகிறவள்.

"என் ரத்தத்த எடுத்துக்கடி. ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்புதான். என்னுது மாதிரியே வளரும்."

முதலில் போன கிளினிக்கில் ஒரே பளபளப்பு. வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமலே, "அவங்க ரத்தத்தையே தாராளமா எடுத்துக்கலாம் மேடம், இன்னிக்கே போட்டுடலாம்" என்றாள். அந்த அவசரம் வெண்ணிலாவை உறுத்தியது.

"வாங்க அண்ணி, வேற எடம் பாக்கலாம்."

அடுத்ததாகப் பார்த்த தோல் டாக்டரம்மா சிரித்தே விட்டார். "அவங்க ரத்தம் எதுக்கு? உங்களுதுதான் எடுக்கணும்." பிறகு வெண்ணிலாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "வெளுத்துக் கிடக்கே. உடம்புல ரத்தமே இல்ல போல. ஊசி அப்புறம். முதல்ல டெஸ்ட் எடுங்க."

அதுவரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பையை வெண்ணிலா கீழே வைத்தாள்.

அமுதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஒடம்புல ஏத்தறதுக்காவது என்னுத எடுப்பீங்களா டாக்டர்?"