கொப்பரைத் தராசில் ஏறிய பந்தயக்காரன்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் மூட்டைக்கும் கொப்பரை மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து பந்தய வண்டிக்குச் சஸ்பென்ஷன் ஆர்ம் விற்பவனிடம், பாதிப் பேர் வழி கேட்கத்தான் வருவார்கள். அவர்களே தேவலை. வழி சொன்னால் போய்விடுவார்கள். மீதிப் பாதி பொருள் வாங்க வருகிறவர்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று எதையாவது விற்றுப் பிழைத்திருக்கிற சகோதரர்களே, அவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

நாங்கள் விற்பது ஏ.டி.வி. என்கிற வண்டிக்கான சாமான்கள். பைக் மாதிரி ஹேண்டில், நாலு குண்டு டயர். அதில் கிராஸ் கன்ட்ரி என்று ஒரு பந்தயம்: ரப்பர் தோட்டம், சேறு, ஓடை, வேர், பாறை எல்லாவற்றின் மேலும் இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்ட வேண்டும். முன்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு பிடித்துவைத்திருக்கும் முக்கோண இரும்புக் குழாய்தான் ஆர்ம். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு. வண்டியோடு வருவது போதாது என்று வெளிக் கம்பெனி ஆர்ம் தேடி வருகிறவர்கள்தான் எனக்குப் படியளக்கிறவர்கள்.

நான் வலியசாலைக்காரன். படித்தது பி.காம். அக்ரஹாரத்திலிருந்து வருகிறேன் என்பதால் கடையில் எல்லோருக்கும் நான் சாமி. பின்பக்க ஷெட்டில் ஷிபு, மெக்கானிக், நெடுமங்காட்டுக்காரன். என்னோடு பேசிப் பேசி அவன் தமிழும், அவனோடு பேசிப் பேசி என் மலையாளமும் கெட்டுப்போயின. எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு சட்டம்: புது ஆர்ம் வேண்டுமென்றால் பழைய ஆர்மைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும். அது எங்கே வளைந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆள் எப்படி ஓட்டுகிறான் என்று சொல்லிவிடுவோம். இதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் எங்கே போய் முட்டியது என்பதுதான் கீழே வருவது.

போட்டோவுக்கு

கவடியாரிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார். நல்ல மனிதர், நல்ல பாரமான மனிதரும்கூட. நாற்பத்தைந்து வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தது. குரோம்மாலி என்ற உறுதியான இரும்பில் செய்த ஆர்மை எடுத்து வைத்து, குழாய் எவ்வளவு கனம், வெல்டிங் எவ்வளவு சுத்தம், கிரீஸ் அடிக்க எங்கே ஓட்டை என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நோயாளி வாய் திறந்து உட்கார்ந்திருப்பதுபோலவே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சிவப்பு இருக்கிறதா என்று கேட்டார். கறுப்புதான் இருக்கிறது, சிவப்பு வேண்டுமானால் அதைவிட மட்டமான சாமான்தான், கட்டியாகப் பெயின்ட் அடித்திருப்பான், விரிசல் விட்டால் வெளியே தெரியாது என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். மனிதருக்கு நிஜமாகவே வேதனை. பிறகு கறுப்பையே எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், 'ஆனால்' என்பதற்குப் 'பட்சே' போடும் தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "சாமீ, ஸ்ட்ராங் ஒக்கெ சரிதான். பட்சே போட்டோவில காணணுமல்லோ?"

திங்கட்கிழமைப் பயம்

செல்வராஜ் வள்ளியூர்க்காரன். இங்கே டைல்ஸ் போடுகிற வேலை. முப்பது வயதிருக்கும், ஒல்லி. ஜிம் நடத்துகிற ஒருவர் வீட்டில் டைல்ஸ் போடப் போனபோது, கார் ஷெட்டில் தூசி படிந்து கிடந்த ஏ.டி.வி.யைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டான். அந்த ஜிம்காரர் எங்கள் பழைய வாடிக்கையாளர்தான். பந்தயம் அலுத்துப்போய் வண்டியை மூலையில் போட்டிருந்தார். பேசி முடித்து செல்வராஜ் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்டுவான். முதல் பந்தயத்திலேயே பதினாலாவதாக வந்தான் என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வந்த விஷயம் அதுவல்ல. ஓட்டிய மறுநாள் இரண்டு மணிக்கட்டும் வீங்கிவிடுகிறது. சாந்துக் கரண்டி பிடிக்க முடியவில்லை. நாலடி டைலைத் தூக்கி வைக்கும்போது கை நடுங்குகிறது. போன மாதம் ஒரு டைல் கையிலிருந்து நழுவி உடைந்து, மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. ஊரில் மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள். வண்டியை விற்றுவிடுவதா, இல்லை ஆர்ம் மாற்றினால் சரியாகுமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டான்.

சட்டப்படி பழைய ஆர்மைக் கொண்டுவந்திருந்தான். நானும் ஷிபுவும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு வளைவு இல்லை, ஒரு தேய்வு இல்லை. பிரமாதமாக ஓட்டுகிறாய் தம்பி என்று தட்டிக்கொடுத்தேன். அவன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "ஞாயித்துக்கிழம எனக்குப் பயமில்ல சாமி. திங்கக்கிழமதான் பயம்."

இரண்டு அங்குலம்

எனக்குத் தோன்றிய மருந்து, பக்கத்துக்கு இரண்டு அங்குலம் நீளமான ஆர்ம். வண்டி அகலமாக உட்கார்ந்தால் ஆடாது, ஆடாவிட்டால் ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டாம், கைக்கு ஓய்வு. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். எனக்கே அதில் மயக்கம். ஷிபு அதற்கேற்ற நீளத்தில் பிரேக் டியூப்பும் ஸ்டீயரிங் கம்பியும் மாற்றி, ஒரு குறை சொல்ல முடியாமல் பூட்டிக் கொடுத்தான். கழற்றிய பழைய ஆர்ம் நாலையும் எண்ணெய் தடவிப் பரணில் வைத்தான். எதையும் தூக்கிப் போடுவது அவன் ஜாதகத்தில் இல்லை.

அடுத்த பந்தயம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள். வளைவில் மரத்தை ஒட்டி அறுத்துக்கொண்டு போனால்தான் நேரம் மிச்சம். செல்வராஜ் பழைய கணக்கிலேயே ஒட்டிப் போயிருக்கிறான். சக்கரம் இரண்டு அங்குலம் வெளியே நிற்பது மறந்துபோயிற்று. அவை பாலுக்காகப் பட்டையை அடிவரை வெட்டி முடித்த கிழட்டு மரங்கள், பால் வடியும் கொட்டாங்கச்சிச் சிரட்டைகளை முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஒன்பது சிரட்டை போயிற்று. பந்தயம் முடிந்ததும் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவன் பால்வெட்டும் அம்மாவோடு மரம் மரமாகப் போய்ச் சிரட்டையைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நடுங்கும் கையால் கம்பியை முறுக்க முடியாமல், முக்கால்வாசி அந்த அம்மாவே கட்டினாராம்.

மணிக்கட்டு முன்னைவிட மோசம். சக்கரம் தள்ளி நிற்க நிற்க, ஒவ்வொரு வேரின் அடியும் ஹேண்டிலை இன்னும் பலமாகத் திருப்பியிருக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் மருந்தில் மயங்கிவிட்டேன். கடைக்கு வந்த செல்வராஜ், வண்டியை வாங்க ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான். ஷிபு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, கேட்பதைச் சோதிப்பது என்கிற தன் மலையாளத்தில் சொன்னான்: "சாமீ, வண்டியோட எல்லாம் நம்ம சோதிச்சு. ஆளோட ஒண்ணும் சோதிச்சில்ல."

கொப்பரை மூட்டை

மறுநாளே செல்வராஜை வண்டியோடு வரச்சொன்னேன். ஷிபு இந்தத் தடவை ஆர்மைத் தொடவே இல்லை. தரையில் படுத்து ஷாக் அப்சார்பரைப் பார்த்தான். அதன் பளபளப்பான தண்டு மேடுபள்ளத்தில் உள்ளே போய்ப் போய் வர வேண்டும். போன இடம் சுத்தமாக இருக்கும், போகாத இடத்தில் சேறு காய்ந்திருக்கும். இரண்டு விரல் அகலம்தான் சுத்தமாக இருந்தது. மேலே முழுக்க ஞாயிற்றுக்கிழமைச் சேறு. இரண்டு மணி நேரம் அதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் அசையவே இல்லை என்றுதான் அர்த்தம், அசைந்ததெல்லாம் இவன் மணிக்கட்டுதான்.

உன் எடை என்ன என்று கேட்டேன். தெரியாது என்றான். பக்கத்தில் கொப்பரை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி கடையில் மூட்டைத் தராசு இருக்கிறது. ஹெல்மெட், பூட்ஸ், நெஞ்சுக் கவசம் எல்லாம் மாட்டி அவனை அதில் ஏற்றினோம். லோடு இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஐம்பத்தாறு கிலோ. அப்போதுதான் எனக்கும் ஷிபுவுக்கும் ஒரே நேரத்தில் அந்த ஜிம்காரர் ஞாபகம் வந்தார். நூறு கிலோவுக்கு மேல் இருந்த ஆள். அவர் உடம்புக்கென்று கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே கட்டியான, ஐம்பத்தாறு கிலோவுக்கு அமுங்கியே கொடுக்காத ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, நாங்களேதான். அந்த வண்டி எங்கள் கையால் பூட்டிய அதே ஸ்பிரிங்கோடு திரும்பி வந்து நின்றிருக்கிறது, நாங்கள் ஆர்மைப் பிடித்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆள் லேசு என்பதால் வளையாத ஆர்மைப் பார்த்துப் பிரமாதம் என்று தட்டிக்கொடுத்தேனே, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தப்பு என்னுடையது என்று செல்வராஜிடம் நேராகவே சொன்னேன். நீள ஆர்மைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஷிபு பரணில் ஏறினான். செல்வராஜின் பழைய ஆர்மோடு, ஜிம்காரர் வண்டியில் கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கும் சணல் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் இறக்கி வண்டியில் பூட்டினான். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு தன் தராசில் நடந்தது அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை. எண்ணைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்: "ஏ தம்பி, ஒரு மூட்டை கொப்பரைக்குக் காணாது, நீ எதுக்குடே பந்தயத்துக்குப் போறே?"

எழுதிக்கொள்ளலாம்

அன்றிலிருந்து சட்டம் இரண்டாயிற்று: பழைய ஆர்மும் வேண்டும், ஆளும் தராசில் ஏற வேண்டும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இதைச் சிரித்துக்கொண்டு ஏற்றார்கள். மீதிப் பேர், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் தராசு குறைத்துக் காட்டும் என்று நம்பினார்கள்.

பல் டாக்டர் ஒரு சனிக்கிழமை வந்தார். தராசைப் பார்த்தார், மிளகாய்க் கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், போன் வந்தது மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், எனக்கும் தொந்தி உண்டு, அந்த வலி எனக்குத் தெரியும். கடை சாத்தப்போகும் நேரத்தில் திரும்பி வந்தார். கூட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றி, பர்ஸை வெளியே எடுத்து வைத்து, கோயிலில் நுழைவதுபோலத் தராசில் ஏறினார். "சாமீ, எழுதிக்கோங்க. பட்சே உரக்கச் சொல்ல வேண்டா."

பேட்டையில் ஒரு குளியலறை

செல்வராஜ் இன்னும் ஒரே ஒரு பந்தயம் ஓட்டிப் பார்ப்பது, கை வீங்கினால் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஷிபுவும் தோட்டத்துக்குப் போனோம். அதே வளைவுகள், அதே கிழட்டு மரங்கள். வேர்மேல் ஏறும்போது முன்சக்கரம் மட்டும் மேலே போய்க் கீழே வந்தது, ஹேண்டில் அப்படியே நின்றது. ஷிபு என் தோளைப் பிடித்து உலுக்கினான். செல்வராஜ் பதினொன்றாவதாக வந்தான். ஒரு சிரட்டையும் விழவில்லை. ஆனால் எங்களுக்குப் பரீட்சை அன்றைக்கு இல்லையே.

திங்கட்கிழமை காலையில் போன் செய்கிறேன் என்று சொல்லியிருந்தான். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. நானே அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கை வீங்கிப் படுத்துக் கிடக்கிறான், சொல்ல மனசில்லாமல் இருக்கிறான் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். கடையை ஷிபுவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து, பேட்டையில் அவன் வேலை செய்கிற வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். செல்வராஜ் எங்கே என்று கேட்டேன். அவர் உள்ளே குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

முழங்காலில் நின்று ஒரு நாலடி டைலை இரண்டு கையாலும் பிடித்துச் சிமென்ட் மேல் இறக்கிக்கொண்டிருந்தான். டைல் நடுங்கவில்லை. இறக்கி, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையும் தட்டி, மட்டம் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தான். சிமென்ட் கையோடு எப்படி போனை எடுப்பது என்று காட்டினான். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். எலும்பு தெரிந்தது, வீக்கம் இல்லை. என் கண் கலங்கிவிட்டது. சிமென்ட் தூசி என்று சொல்லிக்கொண்டேன். வலி இருக்கிறதா என்று கேட்டேன். மெதுவாக எழுந்து நின்று, இரண்டு முழங்காலையும் தேய்த்துவிட்டுக்கொண்டான். "முட்டிதான் வலிக்கி சாமி. அது வேல வலி, அதுக்கு ஒங்க கடையில ஸ்பிரிங்கு கெடையாது."

இத்தனை வருஷம் இரும்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம் என்று நெஞ்சு நிமிர்த்திய கடையில், இப்போது ஆளைப் பார்க்காமல் யாரும் இரும்பைத் தொடுவதில்லை, அதற்கும் அண்ணாச்சி மூட்டையை இறக்கித் தராசு காலியாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.