லெட் கோ

கேகாலையில் ஆங்கில ட்யூஷன் நடத்திப் பிழைக்கிறவன் நான். 'கோ' என்ற ஒரே சொல்லை வைத்துப் பலகை நிறைய எழுதிப் போட்டு, பிள்ளைகளை நெட்டுருப் போட வைப்பேன். கோ ஆன் என்றால் தொடர்வது. கோ ஆஃப் என்றால் வெடிப்பது, சில நேரம் கெட்டுப்போவது. லெட் கோ என்றால் கைவிடுவது. யாராவது எழுந்து சந்தேகம் கேட்டால் எனக்குக் கோபம் வரும். "பேசாம எழுது" என்பேன்.

போன வருடம் அம்மாவுக்கு எலிக் காய்ச்சல் வந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். மழை நாளில் ஓடைக்குள் இறங்கி வாளி கழுவியிருக்கிறாள். கண்ணெல்லாம் மஞ்சளாகி, சிறுநீரும் நின்றுபோய்த்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஒன்பதாவது நாள் பகல், நோயாளிகளைப் பார்க்க விடும் நேரம். டாக்டர்கள் அன்றைக்குத் தாமதமாக வந்தார்கள். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். எங்களோடு சிங்களத்தில் பேசுகிறவர்கள், தங்களுக்குள் பேசுவதென்றால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். சிங்களம் எனக்கும் அம்மாவுக்கும் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் எனக்கு மட்டும்தான் என்று அந்த வார்டில் எனக்கு ஒரு கர்வம். காதைத் தீட்டிக்கொண்டேன். பெரிய டாக்டர் சின்னவரிடம் மெல்லச் சொன்னார்: "நத்திங் மோர் டு டூ. லெட் ஹர் கோ டுமாரோ."

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. நாளைக்குக் கைவிட்டுவிடு.

கட்டிலுக்கு வந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"என்னய்யா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"பின்னேரம் வரும்போது ஒரு சீப்பு வாங்கிட்டு வா. இது ஒடஞ்சு போச்சு."

வெளியே கடையில் சீப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாளைக்குப் போகிறவளுக்கு எதற்குச் சீப்பு என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்காக என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வரக்காப்பொலயில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். திரும்பிப் போய் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். இங்கிலீஷ் வாத்தியாருக்கு இதுகூடப் புரியவில்லையா என்பார்களோ என்றும் ஒரு வெட்கம். அம்மா சாகக் கிடக்கிறாள், எனக்கு மானம் பெரிதாகப் போயிற்று.

ஐந்து மணிக்கு வார்டுக் கதவைத் திறந்தார்கள். அம்மா தோடு இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.

"தங்கச்சிகிட்ட குடுத்துரு."

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. "ஒங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புறோம்னு மத்தியானமே நர்ஸ் மிஸ்ஸி சிரிச்சிக்கிட்டுச் சொன்னா. எனக்கும் சந்தோசந்தான். ஆனா நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனியே. டாக்டர் இங்கிலீசுல பேசுனது ஒனக்குத்தானே வெளங்கும்? சரி, வீட்ல போயிச் சாகட்டும்னுதான் அனுப்புறாங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

வார்டு முனையில் மேசைக்குப் பின்னால் அந்த நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி என்று கூப்பிட்டு, அம்மாவை ஏன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அம்மாட்ட தாங் சனீப்பாய்னே!" என்றாள். அம்மாவுக்குத்தான் சுகமாகிவிட்டதே. மருந்து இனித் தேவையில்லை, இரத்தச் சோதனை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

திரும்பி வந்து தோட்டை அம்மாவின் காதில் மாட்டினேன். ஓட்டை சட்டென்று அகப்படவில்லை. அம்மா காதைக் காட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அந்த இங்கிலீசுக்கு என்னதான்யா அர்த்தம்?"

"போக விடுறதும்மா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இதுக்குத்தானா ரெண்டு பேரும் மத்தியானத்துலேருந்து செத்துக்கிட்டுக் கெடந்தோம்?" என்று கேட்டு, அம்மா சீப்புக்குக் கையை நீட்டினாள்.