கேமராவுக்குப் பக்கத்து ஸ்டூல்

பதினாறு வருடம் நான் கேமராவைப் பார்த்துச் செய்தி படித்ததில்லை. கேமராவுக்கு ஒட்டினாற்போல் ஒரு மர ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்துத்தான் படிப்பேன். டிவியில் பார்ப்பவர்களுக்குத் தங்களைப் பார்த்துப் படிக்கிற மாதிரியே இருக்கும்.

தருமபுரியில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் லோக்கல் சேனல். ஒரே அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் பேனர், அதுவும் ஒரு மூலையில் கிழிந்தது. கேபிள் தொழில் செய்துவந்த முதலாளி நான் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: "கேமராக் கண்ணாடியப் பாத்துப் படிச்சா பள்ளிக்கூடத்துப் புள்ள ஒப்பிக்கற மாதிரி இருக்குதும்மா. ஆளப் பாத்துப் படி."

சாதாரண நாட்களில் ஸ்டூலில் கேமராமேன் உட்காருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். செய்தியோடு யாராவது மாடி ஏறி வந்துவிட்டால் அவர் எழுந்துகொள்வார். யாருடைய செய்தியோ அவர்தான் ஸ்டூலில் உட்கார வேண்டும். அது எங்கள் வழக்கம். நான் தப்பாகப் படித்தால் அவர் தலையை ஆட்டுவார். நிறுத்தி, திருத்தி, மறுபடி படிப்பேன். வத்தல்மலையிலிருந்து வந்த ஒரு விவசாயி, சாலை போட்டு முடித்தாயிற்று என்று நான் படித்தபோது தலையை ஆட்டினார். பாதிதான் போட்டிருக்கிறார்களாம்.

"அந்தப் பாதியிலயாவது வண்டி போகுதுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"எறங்கித் தள்ளுனா போகுதுங்க" என்றார் அவர். சிரித்து முடித்து மறுபடி எடுத்தோம்.

வீட்டில் எனக்கு யாரும் கிடையாது. அம்மா போனபிறகு ஒரு வாடகை போர்ஷனில் தனியாக இருக்கிறேன். ஒரு நாளில் இருபது நிமிடம் என் முகத்தைப் பார்த்து யாராவது நான் சொல்வதைக் கேட்டார்கள் என்றால் அந்த அறையில்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

முதலாளி சேனலை விற்றுவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பெண் டேப்பைப் பிடித்து அறையை அளந்தபோதுதான் தெரிந்துகொண்டோம். வாங்கிய சென்னைக் கம்பெனிக்கு ஸ்டுடியோ வடிவமைக்கிறவள். சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள், அதையும் சொல்ல வேண்டும். புது இடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று லேப்டாப்பில் குறித்துக்கொண்டே, "மேடம், இந்த ஸ்டூல் எதுக்கு?" என்று கேட்டாள்.

"உக்கார்றதுக்கு" என்றேன்.

முதலாளி மேல் இருந்த கோபம் அவள் மேல் பாய்ந்தது. நாலு வாக்கியம் ஒழுங்காகப் பேசியிருந்தால் அவள் வரைபடத்தில் ஸ்டூலுக்கும் ஒரு இடம் போட்டிருப்பாளோ என்னவோ. நான் பேசவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். அவள் அடுத்த சுவரை அளக்கப் போய்விட்டாள்.

புது ஸ்டுடியோ பைபாஸ் பக்கம். கறுப்புத் தரை, முகம் பார்க்கலாம். எது வைத்தாலும் தரையில் தெரியும் என்பதால் மேசையைத் தவிர எதுவும் கூடாது. நின்றுகொண்டே படிக்க வேண்டும். பின்சுவர் முழுக்க எல்.இ.டி. திரை. மூன்று கேமராக்கள் தானாக நகரும், நகர்த்துகிறவர் சென்னையில் இருக்கிறார். கதவுக்குக் கைரேகைப் பூட்டு. என் விரலுக்கும் செக்யூரிட்டி விரலுக்கும் மட்டும் திறக்கும். அண்ணனுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கல்யாண வீடியோ எடுக்கப் போய்விட்டார். ஸ்டூல் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

மத்தியானமே மூன்று மாவட்டச் செய்திகளையும் ஒரே மூச்சில் பதிவு செய்வேன். தருமபுரிக்குத் திரையில் ஒகேனக்கல் ஓடும். கிருஷ்ணகிரிக்கு அணை, சேலத்துக்கு ஏற்காடு. மாவட்டத்துக்கு ஒரு துப்பட்டா. சென்னையில் எழுதுவது கேமராக் கண்ணாடி மேலேயே ஓடும். காதில் ஒரு குரல் "ரோலிங்" என்னும், முடிந்ததும் "ஓகே" என்னும். வேறு பேச்சே கிடையாது. சில நாள் சாயங்காலம் டீக்கடையில் பேசும்போதுதான் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்பது தெரியும்.

அப்படி ஒரு நாள் படித்த செய்திதான் இது. கடத்தூர் பக்கத்தில் ஒருவர் விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனார். குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் வண்டியோடு விழுந்து இறந்துவிட்டார். எங்கள் நிருபர் சரியாகத்தான் அனுப்பியிருந்தார். சென்னையில் யாரோ 'மதுபோதையில்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்கள். வண்டி விபத்து என்றாலே அந்த வார்த்தை அவர்கள் கைக்குத் தானாக வரும் போலிருக்கிறது. பால் கேனோடு விடியற்காலையில் போகிறவர் எங்கே குடித்திருப்பார் என்று அவர்கள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கண் பார்த்தது, வாய் படித்தது. "ஓகே" வந்தது. துப்பட்டாவை மாற்றினேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார். நான் வெளியே வரும்வரை செக்யூரிட்டி அவரை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்.

"நீங்கதானுங்களே படிச்சீங்க?" என்றார். சத்தம் போடவில்லை. "அவரு குடிக்க மாட்டாருங்க. எங்க மாமியாளே இப்ப என்னையக் கேக்குது, உனக்குத் தெரிஞ்சே மறைச்சியாடின்னு. பெத்தவளே நம்பிட்டா. நீங்க சொன்னீங்கன்னு நம்பிட்டா."

மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. அவர் முன்னாலேயே சென்னைக்குப் போன் போட்டேன். திருத்தம் போடுகிற வழக்கம் இல்லை, சேனல் பேர் கெடும், வேண்டுமானால் யூடியூபிலிருந்து அந்தச் செய்தியை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். கத்தினேன். லைன் கட்டானது.

மறுநாள் பதிவில் நானாகவே திருத்தத்தைச் சேர்த்துப் படித்தேன். "ஓகே" வந்தது. ஏழு மணிக்கு டிவியைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தை வெட்டியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடத்தூர் பஸ் ஏறினேன். கையில் நானே எழுதிய ஒரு தாள். அந்த வீட்டு வாசலில் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். நான் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மருமகள் குறுக்கே வந்தார்.

"அக்கா, டிவில படிக்கற மாதிரியே படிங்க. சும்மா சொன்னா ஆத்தா நம்பாது."

எழுந்து நின்றேன். கிழவியை எனக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வணக்கம் சொல்லி, தலைப்பைச் சொல்லி, டிவியில் எப்படியோ அப்படியே படித்தேன். பைக்கில் பால் ஊற்றச் சென்றவர், மூடாமல் விடப்பட்ட பள்ளத்தில் என்று வந்தபோது கிழவி தலையை ஆட்டினார். நிறுத்தினேன்.

"பைக்கா? மொபெட்டு" என்றார். "பைக்கு எங்க வாங்குனான் அவன்."

மொபெட் என்று திருத்தி, வணக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவர் மது அருந்தியிருக்கவில்லை, இந்தச் சேனலில் நான் அப்படிப் படித்தது தவறு என்று முடித்தேன். இந்த முறை தலை ஆடவில்லை. கிழவி மருமகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. தாளை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தேன். கேட்டது ஆறேழு பேர். மற்ற ஊரெல்லாம் கேட்டது டிவியில் வந்த அந்தத் தப்பான செய்தியை.

திங்கட்கிழமை விரலை வைத்துக் கதவைத் திறந்தேன். பின்னால் ஒகேனக்கல் சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. "ரோலிங்" என்றது குரல். கேமராவுக்குப் பக்கத்தில் வெறும் தரை பளபளத்தது. அதைப் பார்த்துப் படித்தேன்.

"மேடம், பார்வை தப்பாப் போகுது. ஒன்ஸ் மோர்."

மறுபடியும் அங்கேதான் பார்த்தேன்.