மலையாள எழுத்து போன லேபிள்

கம்பம் ஊரில் ராஜபாண்டியின் திராட்சைக் கிட்டங்கியில் பதினோரு வருசம் கம்ப்யூட்டரைப் பார்த்தவன் சுருளியாண்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லினக்ஸைத் தட்டித்தட்டியே பழகிக்கொண்டான்.

கோட்டயம் போகும் பெட்டிகளில் கடைப்பேர் மலையாளத்தில் இருக்க வேண்டும். அங்கே இறக்குகிற ஆட்கள் அதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். லேபிள் அடிக்கும் மென்பொருளோ மலையாள எழுத்துருவைக் கட்டாயமாகக் கேட்காது. இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக அடித்துத் தள்ளும். அப்படிக் கட்டாயமில்லாத ஆப்ஷனல் பேக்கேஜ்களை, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் கட்டளை குப்பையென்று வாரிக்கொண்டு போய்விடும். அதனால் அவற்றுக்கு, 'நானே கேட்டு வைத்தது' என்று அடையாளம் போட்டு வைப்பது அவன் வழக்கம்.

போன மாசம் ராஜபாண்டி, இஞ்சினியருக்குப் படித்த தன் மச்சினன் மகன் பாண்டீஸ்வரனைச் சுருளியாண்டியின் நாற்காலியில் உட்கார வைத்தார். பெட்டி கட்டும் பெண்கள் இருபது பேர் பார்க்க, "ஏலே சுருளி, நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். கெளம்பு" என்றார்.

சுருளியாண்டி எதையும் அழிக்கவில்லை. அந்த எழுத்துருவின் அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். புதுசாக வந்தவன் துடைப்பத்தை எடுக்காமல் இருக்க மாட்டான்.

இந்த மாசம் ஒன்றாம் தேதி, காலை பதினோரு மணிக்கு ராஜபாண்டியிடமிருந்து போன்.

"சுருளி, லாரி நிக்குது. லேபிள்ல வெறுங்கட்டமா வருது. பழம் வெக்கையில வேகுதுப்பா."

"வாரேன். அன்னைக்குச் சொன்னது தப்புன்னு அந்தப் பொம்பளையாளுக முன்னாடியே சொல்லணும்."

"சொல்றேம்ப்பா. வா."

கிட்டங்கி வாசலிலேயே பெட்டி கட்டும் முனீஸ்வரி வாயைத் திறந்தாள். "வாங்கண்ணே. படிச்சவுக உக்காந்து கட்டம் கட்டமாக் கோலம் போட்டிருக்காக."

பெண்கள் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் முகம் சுண்டியது. "தேவையில்லைன்னு சிஸ்டமே காட்டுச்சுண்ணே. அதான் காலையில க்ளீன் பண்ணேன்."

"சிஸ்டமே சொல்லிருச்சா. சரி."

ராஜபாண்டி சுருளியாண்டியை லாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "மனசுல வச்சுக்காதப்பா."

"அவுக முன்னாடின்னு சொன்னேன்."

"நமக்குள்ள என்னப்பா. வேலையப் பாரு."

சுருளியாண்டி வேலையைப் பார்த்தான். எழுத்துரு திரும்ப வந்தது, லேபிள் வந்தது, லாரி குமுளி ரோட்டில் ஏறியது. அடையாளத்தை மட்டும் அவன் போடவில்லை.

"தம்பி, எத்தன நாளைக்கு ஒருக்காக் கூட்டிப் பெருக்குவீக?"

"மாசாமாசம் ஒண்ணாந்தேதிண்ணே."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தவன், முனீஸ்வரியிடம் நின்றான்.

"அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வாரேன்த்தா. லீவு போடாம எல்லாரும் இருங்க."