அண்ணி கூப்பிட்டால்

நாத்தனார் வாயால் அண்ணியைப் புகழ்ந்து நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் லேசில் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் அண்ணி ஆட்டைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நகரத்தில் மாடி வீட்டில் வளர்ந்தவள். எங்கள் அப்பா படுத்த படுக்கையானதும் அவருடைய ஆட்டு மந்தையை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. அண்ணன் தையல்காரர், கத்தரிக்கோலைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாது. நான் மலையேற வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டு, வழிகாட்டியாகவும் போய்க்கொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே அண்ணி அப்பாவின் பூட்ஸுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கோடை முழுக்க ஆடுகள் மேல்புல்வெளியில் மேயும். இலைகள் சிவந்து உதிர ஆரம்பித்ததும், முதல் பனி கொட்டுவதற்குள் கீழே இறக்கியாக வேண்டும். வழி ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் நின்று விரட்டினால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பள்ளத்தில் விழும். அதனால் முன்னால் நடந்து கூப்பிட வேண்டும். அண்ணி "வாங்க... டீ" என்று இழுப்பாள். நடுவில் குரல் உடைந்து, கடைசியில் கீச்சென்று மேலே ஏறும். காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் கழுத்தில் மணி கட்டிய மூத்த ஆடு உடனே தலையைத் தூக்கும். அதற்கு 'பெரிய மனுஷி' என்று பெயர் வைத்திருந்தோம். அது நகர்ந்தால் மந்தையே நகரும்.

இலை பார்க்க மலையேறுகிறவர்கள் வருவதும் அதே நாட்களில்தான். முன்பெல்லாம் பாதையில் யார் ஒதுங்குவது என்று மேய்ப்பர்களுக்கும் அவர்களுக்கும் வாய்ச்சண்டை நடக்கும். அண்ணிதான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். மந்தை வந்தால் பாறைப் பக்கமாக எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றால் ஆடு மிரளும், உட்கார்ந்தால் கல்லென்று நினைத்துக்கொள்ளும் என்பாள். இன்று வரை அந்தப் பாதையில் அதுதான் சட்டம்.

அண்ணன் மட்டும் அடங்க மாட்டார். சாப்பாட்டு மேஜையில் என் விருந்தாளிகளுக்கு முன்னால் அந்தக் கூப்பாட்டை அப்படியே செய்து காட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அண்ணி கரண்டியை ஓங்குவாள். எனக்கே சில நாள் அண்ணன் மேல் எரிச்சலாக வரும்.

ஒரு வருஷம் கோடை முடிகிற நேரத்தில் அண்ணிக்குத் தொண்டையில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். குளிர்காலம் போகிற வரை குரலை உயர்த்தவே கூடாது, மீறினால் பேச்சே திரும்பாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மேலே இருந்த ஆடுகளைப் பக்கத்து வீட்டு மேய்ப்பர் பார்த்துக்கொண்டார்.

இலை உதிர ஆரம்பித்த ஒரு நாள், அன்று இரவே பனி கொட்டும் என்று வானொலியில் சொன்னதும் அண்ணியும் நானும் மேலே ஓடினோம். எனக்குப் பின்னால் என் மலையேற்றக் கூட்டம். அவர்களுக்கும் பின்னால், கடையைப் பூட்டிவிட்டுத் தெருச் செருப்போடு மூச்சிரைக்க அண்ணன். மேய்ப்பர் கூப்பிட்டுப் பார்த்தார். நான் கூப்பிட்டேன். பெரிய மனுஷி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தது. போன வருஷமும் வந்திருந்த ஒருவர், அப்போது எடுத்த வீடியோவைப் போனில் போட்டார். அந்தச் சின்னச் சத்தம் காற்றோடு போய்விட்டது.

அண்ணி கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தளர்த்தினாள். நான் கையைப் பிடித்து வேண்டாம் என்றேன்.

"விட்டுட்டுப் போனா காலையில ஒண்ணு கூட இருக்காது. என்னை நம்பித்தானே இதுங்க இருக்கு," என்று காற்றுக் குரலில் சொல்லிவிட்டு மூச்சை இழுத்தாள்.

அதற்குள் அண்ணியின் கூப்பாடு மலையில் கேட்டது. அதே இழுப்பு, அதே உடைசல், அதே கீச்சு. அண்ணியின் வாய் திறந்தபடியே இருந்தது. திரும்பிப் பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு, காது சிவக்க அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

பெரிய மனுஷி தலையைத் தூக்கியது. நாலடி வந்து, சந்தேகமாக நின்றது. அண்ணி ஒரு நொடியும் வீணாக்கவில்லை. கூட்டத்தை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, ஆட்டுக்கு முதுகைக் காட்டிப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள். அண்ணன் அவளுக்கு முன்னால் தடுமாறி இறங்கிக்கொண்டே கூப்பிட்டார். மந்தை வந்தது. குரலை விட அந்த முதுகை நம்பித்தான் வந்தது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பள்ளத்தின் ஓரத்தில் அண்ணி ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

பட்டியை அடைத்தபோது பனி தூற ஆரம்பித்திருந்தது.

"நான் அவ்வளவு கேவலமாவா கத்துறேன்?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"அதை விட மோசம்," என்றார் அண்ணன். கத்திக் கத்தி அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"எப்படி இவ்வளவு சரியா வருது?"

அண்ணன் செருப்பிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஆடு கீழே இருக்கிற நாள்ல, சாயங்காலம் நீ அடைக்கக் கூப்பிடுறது கடை ஜன்னல் வரைக்கும் கேட்கும். அது கேட்கிற வரைக்கும் எனக்கு மெஷின் ஓடாது."