பாலுக்குப் பாதி தண்ணீர்

அந்த எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கீறிய கோடு ஒன்று சரியாகப் பாதி உயரத்தில் இருந்தது. அதை நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில், என் ஐந்து மாதப் பெண் குழந்தை கட்டிலில் கிடந்தபோது. என் நாத்தனார் டம்ளரை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கோடு வரைக்கும் பால், அதற்கு மேல் விளிம்பு வரைக்கும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்று விரலால் தொட்டுத் தொட்டு டாக்டருக்குக் காட்டினார். கோடு கோணலாகப் போய்விடக்கூடாது என்று நூல் கட்டி வைத்துக் கீறியதாகவும் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் பள்ளி ஆசிரியர், நான் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டில் மூன்றாவது ஆள் இவருடைய அக்கா. பிள்ளை இல்லை என்று கட்டினவன் வேறொருத்தியைக் கொண்டுவந்து வைத்ததும், ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்டேனே தவிர, மனதுக்குள் அவரை ஒரு சுமையாகத்தான் வைத்திருந்தேன். படிக்காதவர், பிடிவாதக்காரர், நான் ஒன்று சொன்னால் வேறொன்று செய்வார் என்பது என் எண்ணம். அது எண்ணம்தான், ஒரு நாளும் நான் சோதித்துப் பார்த்ததில்லை.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே பால் சுரப்பு கம்மி. தொண்ணூறு நாள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முன் நர்ஸிடம் போய்க் கேட்டோம். பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, காய்ச்சி, சங்கு மாதிரியான பாலாடையில் ஊட்டச் சொன்னார். ஆறு மாதம் வரைக்கும் அந்த அளவுதான் என்றார். பக்கத்தில் நின்ற நாத்தனார், தண்ணீர் ஊற்றினால் குழந்தைக்குச் சதை எங்கிருந்து வைக்கும் என்று முணுமுணுத்தார். அந்த ஒரு முணுமுணுப்பை நான் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். எங்கள் சந்திலேயே ஒரு வீட்டில் கெட்டிப் பால் கொடுத்து மாந்தம் வந்து ஒரு குழந்தை போயிருந்தது. இந்த அம்மாள் நான் அந்தப் பக்கம் போனதும் கெட்டிப் பாலைத்தான் ஊட்டப்போகிறார் என்று எனக்குள் நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு வேங்கிக்கால் பக்கத்திலிருந்து பால்காரர் சைக்கிளில் வருவார். குழந்தைக்கென்று தனியாக அரை லிட்டர். அதை வாங்குவதும் காய்ச்சுவதும் என் வேலை. நாத்தனார் அந்த நேரத்தில் கிணற்றடியில் இருப்பார். நான் அந்த அரை லிட்டருக்கு அரை லிட்டர் தண்ணீரை ஊற்றிக் காய்ச்சி, பாதியைத் தனியாக எடுத்து எங்கள் காபிக்கும் தயிருக்கும் வாங்கிய பாலோடு சேர்த்துவிடுவேன். பாத்திரத்தில் பழைய அளவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார், இரண்டு நாள் பேசமாட்டார், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அப்புறம் ஒன்பது மணிக்கு டிபன் டப்பாவோடு கிளம்பிவிடுவேன். குழந்தைக்கு ஊட்டுவது லீவு நாளிலும் நாத்தனார்தான், நான் அந்தப் பக்கம் போனதில்லை.

ஃப்ரிட்ஜ் என்பதை நாங்கள் கடை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த காலம். நாத்தனார் சமையலறை மூலையில் ஈர மணல் பரப்பி, அதில் தண்ணீர் ஊற்றிய அகலச் சட்டியை வைத்து, சட்டிக்குள் பால் பாத்திரத்தை இறக்கி வைப்பார். மேலே வெள்ளைத் துணி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பக் காய்ச்சுவார். ஏடு படிந்தால் மாந்தம் என்று அதையும் எடுத்துவிடுவார். பாலாடையை வெந்நீரில் போட்டு எடுத்து, துணியால் தொடாமல் காற்றிலே உலர்த்துவார். இவ்வளவையும் அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பாதிக்குப் பாதி என்று நர்ஸ் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நான் ஏற்கெனவே பாதியாக்கி வைத்த பாலை மறுபடியும் பாதியாக்கி ஊட்டிக்கொண்டிருந்தார். என் குழந்தை இரண்டு மாதம் குடித்தது நாலில் ஒரு பங்கு பால்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். என் பெண் முதலில் அழுதாள், பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். பெரும்பாலும் தூங்கினாள். எவ்வளவு சமத்துக் குழந்தை, அழுகைச் சத்தமே கேட்பதில்லையே என்று சந்தில் எல்லோரும் மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். தொடை சுருங்கியதை நாத்தனார்தான் முதலில் பார்த்தார். கார்த்திகை மாதம், ஊரில் தீபத்துக்குக் கூட்டம் சேரத் தொடங்கிய நேரம். பால் நீர்த்தாற்போல இருக்கிறதே, பால்காரர் கையை வைத்துவிட்டாரோ என்று என்னிடம் கேட்டார். தீபச் சமயத்தில் டீக்கடைக்கெல்லாம் பால் போகிறது, எங்கேயும் இப்படித்தான் இருக்கும் என்றேன். கொஞ்சமும் நாக்குக் குழறாமல் சொன்னேன். அவர் நம்பினார். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

அடுத்த வாரம் பேதி கண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார், அது கிள்ளின இடத்திலேயே நின்றது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் நாத்தனார் டம்ளரைக் காட்டினார். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த அளவு சரிதான், இப்படிக் கொடுத்திருந்தால் குழந்தை இவ்வளவு வற்றியிருக்காது, பாலிலேயே யாரோ தண்ணீர் கலந்திருக்க வேண்டும் என்றார். வேறு யாராவது கலந்தீர்களா என்று கேட்டு எங்கள் மூவரையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் என்று சொன்னால் அது பாதிதான். இவர் முகத்தில் என் மேல் இருந்த நம்பிக்கை கலைவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மலையில் தீபம் ஏற்றிய மூன்றாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். ஊரெல்லாம் அரோகரா சொல்லி ஓய்ந்திருந்தது. கடைகளில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் தெரு வழியாகத்தான் அவளைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தோம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். முதலில் எல்லோரும் பால்காரரைத்தான் பிடித்தார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், கறந்த பாலோடு இவரைப் பால் சொசைட்டிக்கு அழைத்துப் போனார். பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் கருவியைப் போட்டுப் பார்த்ததில் பால் சுத்தமாக இருந்தது. அப்படியானால் வீட்டுக்குள் நடந்ததுதான். வீட்டில் அந்தப் பாலைத் தொட்டவர் இரண்டு பேர். ஒருத்தி பெற்றவள், படித்தவள், பகலெல்லாம் ஆபீஸில் இருப்பவள். இன்னொருத்தி பிள்ளை பெறாதவள், காபி என்றால் உயிரை விடுபவள். குழந்தையின் பாலை எடுத்துக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருப்பாள் என்று சந்தில் யாரோ ஆரம்பித்தது, பத்தாம் நாளுக்குள் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது. இவர் அக்காவுக்கு எதிரே நின்று கேட்டார்.

"பால நீ காபிக்கு எடுத்துக்கிட்டியாக்கா?"

அவர் உள்ளே போய்ப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். என் பக்கம் திரும்பவும் இல்லை. மறுநாள் அதே டிரங்குப் பெட்டியோடு கீழ்பென்னாத்தூரில் இருந்த பெரியப்பா மகன் வீட்டுக்குப் பஸ் ஏறினார். வழியனுப்ப யாரும் போகவில்லை. நான் அன்றைக்கு லீவு கூடப் போடவில்லை.

ஆறேழு வருடம் கழித்து அவருக்கு வயிற்றில் கட்டி என்றும், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றும் தகவல் வந்தது. இவர் போக மறுத்துவிட்டார். அதற்குள் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனைக் கூட அவர் பார்த்ததில்லை. நான் தனியாகப் போனேன். உடைக்காத மல்லாட்டைக் கடலை மூட்டைகள் அடுக்கிய ஓர் அறையில், பாயில் குச்சியாகக் கிடந்தார். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, காலையில் காய்ச்சும்போதே தினமும் நான் தண்ணீர் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும். ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டப்ப நீ தரையப் பாத்த. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

பின்னே ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கொழந்த வந்துடுமா? உன்னத் தொரத்திட்டு அவன் யாரோட இருப்பான்? எனக்கு வீட்ட விட்டு வெளிய வந்து பழக்கம்தான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. "ஒண்ணே ஒண்ணு. அந்தப் பால்ல நான் ஒரு வாய்கூட குடிக்கல. அத மட்டும் அவன்கிட்ட சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். அதற்கடுத்த வாரம் அவர் இறந்துபோனார். காரியத்துக்கு இவர் போனார், கடமைக்குப் போய் நின்றுவிட்டு மாலையிலேயே திரும்பினார். அன்று சொல்லலாம் என்று இருந்தேன், களைத்துப்போய்ப் படுத்துவிட்டார். பையனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். கல்யாணம் ஆகட்டும் என்று இருந்தேன். பேரன் பிறந்தபோது, மருமகள் பால் பவுடரைக் கரண்டியால் அளந்து தட்டிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த இவர், அவள் கேட்காமலேயே, எங்க அக்கா பண்ணின மாதிரி பண்ணிடாதம்மா என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

இவருக்கு இப்போது எண்பது வயதாகிறது. காது மந்தம், கண் மட்டும் நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் பூதக்கண்ணாடி கூட இல்லாமல் படிப்பார். இதையும் படிப்பார். வாயால் சொல்ல வராததை இப்படித்தான் என்னால் சொல்ல முடிகிறது. தண்ணீர் ஊற்றியது நான். அக்கா அந்தப் பாலில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.